ஹேமருக்குக் கீழே என்ன இருக்கிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து திண்ணையில் சாய்ந்திருந்த நேரத்தில் வீரவநல்லூர் மாமா வந்தார். ரைஸ் மில் வைத்திருப்பவர், சாயங்காலம் கணக்கை முடித்துப் பணத்தோடு தனியாக பைக்கில் வீட்டுக்குத் திரும்புகிற ஆள். வெள்ளை வேட்டி, அதன் மேல் அகலமான பச்சை பெல்ட். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கட்டும் அந்த பெல்ட்டைப் பார்த்திருப்பீர்கள், முன்னால் பட்டன் வைத்த பைகள் இருக்கும், பணம், வெற்றிலை, சாவி எல்லாம் அதற்குள்தான். மாமாவுக்கு அதோடு கூட இன்னொன்றும் இருக்கும். பெல்ட்டுக்கும் வேட்டிக்கும் நடுவில், வலது இடுப்பில், அவருடைய அப்பா காலத்து .32 ரிவால்வர். முறையான லைசென்ஸ் உள்ளதுதான்.

"மருமவனே, லைசென்ஸ் புதுப்பிக்கணும். அதோட இத மாத்திட்டுப் புதுசா ஒண்ணு வாங்கலாம்னு நெனைக்கேன். பிஸ்டலா ரிவால்வரா, நீதான் சொல்லணும்."

நான் 22 வருடம் ராணுவத்தில் ஆர்மரர். ஆயுதங்களைக் கழற்றுவது, பார்ப்பது, சரிசெய்வது, திரும்பப் பூட்டுவது, இதுதான் வேலை. ஊரில் யாருக்கு லைசென்ஸ் கிடைத்தாலும் இந்தக் கேள்வி என்னிடம் வரும். மாமாவுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் இடுப்பில் இருப்பதை எடுத்துத் திறக்கச் சொன்னேன். நான் தொடவில்லை, அவர் ஆயுதம், அவர் கையாலேயே. துப்பாக்கி வாய் மண்சுவரைப் பார்த்து இருக்க வேண்டும், விரல் ட்ரிகருக்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும், வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் பின்கட்டுக்குப் போக வேண்டும். நடுவில் முறிந்து திறக்கும் பழைய வகை அது. முழுக்க மடக்கினால் தோட்டாக்களைத் தள்ளி வெளியே கொட்டிவிடும், அதனால் மெதுவாகப் பாதி மட்டும் திறக்கச் சொன்னேன்.

"ஆறும் போட மாட்டம்டே. ஒண்ணு எப்பவும் காலி. எங்க அய்யா சொல்லிக் குடுத்தது" என்றார்.

உண்மைதான், தோட்டா உட்காரும் ஆறு அறைகளில் ஒன்று காலியாக இருந்தது. ஆனால் அது உச்சியில், அதாவது தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஹேமருக்கு நேராக இல்லை. அதற்குப் பக்கத்து அறை. உச்சியில் இருந்தது நிஜத் தோட்டா. அதன் பித்தளை அடியில், தட்டினால் தீப்பிடிக்கும் பிரைமரின் நடுவில், குண்டூசி முனையால் தொட்டது போல ஒரு புள்ளி. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்றல்ல, இரண்டு புள்ளிகள், ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறி.

அந்தப் புள்ளிகள் எப்படி வந்தன என்று புரிந்தால் கைத்துப்பாக்கிப் பாதுகாப்பைப் பற்றிப் பாதிக்கு மேல் புரிந்துவிடும். நல்ல நிலையில் இருக்கும் இந்த வகை ரிவால்வரில் ட்ரிகரை விட்டதும் ஹேமர் கொஞ்சம் பின்வாங்கி நிற்கும். மாமாவின் துப்பாக்கியில் அந்தப் பின்வாங்கல் தேய்ந்துபோய், ஹேமரின் மூக்கு தோட்டாவின் முதுகில் தொட்டும் தொடாமலும் படுத்திருந்தது. பைக் குழியில் இறங்கினாலும் ஒரு தட்டு, குனிந்து மூட்டையைத் தூக்கினாலும் ஒரு தட்டு. கீழே விழுந்து ஹேமர் தரையில் படுகிற அன்று அது தட்டாக இருக்காது, வெடியாக இருக்கும்.

மாமா காலி அறையை ஏன் பக்கத்தில் வைத்தார் என்று கேட்டேன். ட்ரிகரை இழுத்தால், அறைகள் உள்ள சிலிண்டர் ஒரு அறை சுழன்ற பிறகுதான் ஹேமர் விழும், அதனால் அடுத்த அறை காலியாக இருந்தால் தவறி இழுபட்டாலும் முதல் இழுப்பு சும்மா போகும் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பில்லை. ஆனால் அவர் அய்யா சொன்னது இது இல்லை என்று அடித்துச் சொல்வேன். பழைய ரிவால்வரில் பயம் விழுவதில்தான், அதனால் காலியாக இருக்க வேண்டியது ஹேமருக்கு நேர் கீழே இருக்கும் அறை. அமெரிக்காவில் 1873இல் வந்த கோல்ட் ரிவால்வரை வைத்திருந்தவர்களுக்கே இது பழக்கம். ஆறு அறை இருந்தாலும் ஐந்துதான் போடுவார்கள், ஹேமர் காலி அறையின் மேல் இறங்கியிருக்கும். அய்யாவிடமிருந்து மகனுக்கு வரும்போது 'ஒன்று காலி' என்பது மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது, எது காலி என்பது வழியில் தவறிவிட்டது.

ஆகவே கைத்துப்பாக்கி வாங்கப் போகிற யாரும் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை சேஃப்டி இருக்கிறது என்று அல்ல. என் கை அதன் மேல் இல்லாத நேரத்தில் ஹேமருக்கும் பிரைமருக்கும் நடுவில் என்ன நிற்கிறது? அதைத்தான் கேட்க வேண்டும். இடுப்பில் வைத்து நடக்கிறவனுக்குச் சுடுகிற நேரம் வாழ்நாளில் வராமலே போகலாம், வராமல் போகட்டும், ஆனால் கை மேலே இல்லாத நேரம் தினமும் பதினான்கு மணி நேரம்.

ரிவால்வரில் இதற்கு இரண்டு நல்ல பதில்கள் இருக்கின்றன. ஒன்று ஹேமர் பிளாக், மடைப்பலகை மாதிரி. ஹேமருக்கு முன்னால் ஒரு இரும்புத் துண்டு எப்போதும் குறுக்கே நிற்கும், ட்ரிகரை முழுக்க இழுத்தால்தான் விலகும். 1944இல் அமெரிக்கக் கப்பற்படை ஆள் ஒருவர், தளத்தில் விழுந்த ரிவால்வர் வெடித்து இறந்துபோன பிறகு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி தன் ஹேமர் பிளாக்கை இன்னும் உறுதியானதாக மாற்றியது. இரண்டாவது டிரான்ஸ்ஃபர் பார். இது ஓடைக்குக் குறுக்கே போடும் பனந்தடி மாதிரி. ஹேமர் எவ்வளவு இறங்கினாலும் பிரைமரைக் குத்தும் பின்னை எட்டாது, நடுவில் இடைவெளி. ட்ரிகரை இழுத்தால் ஒரு மெல்லிய தகடு எழுந்து வந்து அந்த இடைவெளியை நிரப்பும், ஹேமரின் அடி அந்தத் தகடு வழியாகத்தான் பின்னுக்குப் போகும். விரலை எடுத்தால் தடி இறங்கிவிடும், அக்கரைக்குப் போக வழியில்லை. ஐவர் ஜான்சன் என்ற கம்பெனி 1890களிலேயே இதைச் செய்து, குண்டு போட்ட ரிவால்வரின் ஹேமரைச் சுத்தியலால் அடியுங்கள் என்று விளம்பரமே போட்டது. ரூகர் கம்பெனி 1973இல், ஹேமரைக் கையால் ஏற்றிச் சுடும் தன் சிங்கிள் ஆக்ஷன் ரிவால்வர்களுக்கு இதைக் கொண்டுவந்தது, அதற்கு முன் விற்ற பழைய துப்பாக்கிகளையும் அனுப்பினால் காசு வாங்காமல் மாற்றித் தருகிறது.

இரண்டில் எனக்கு டிரான்ஸ்ஃபர் பார்தான் மனசுக்குத் திருப்தி. ஹேமர் பிளாக் உடைந்துபோனால் தடுப்பு போய்விடும், துப்பாக்கி சுடும், உங்களுக்குத் தெரியாது. டிரான்ஸ்ஃபர் பார் உடைந்தால் துப்பாக்கி சுடாது. கெட்டுப்போகும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பார்த்துத்தான் ஒரு பொருளை எடைபோட வேண்டும்.

சரி, பிஸ்டலுக்கு வருவோம். இதில் சுழலும் சிலிண்டர் கிடையாது, தோட்டாக்கள் கைப்பிடிக்குள் சொருகும் மேகசினில் அடுக்கியிருக்கும். ராணுவத்தில் என் கையில் அதிகம் புழங்கியது இஷாப்பூரில் செய்த 9 எம்எம் 1ஏ பிஸ்டல். 1935இல் வந்த பிரௌனிங் ஹைபவர்தான் அது, 13 தோட்டா பிடிக்கும். சிங்கிள் ஆக்ஷன், அதாவது ஹேமரை முன்கூட்டியே ஏற்றி வைத்தால்தான் ட்ரிகர் வேலை செய்யும். கட்டைவிரலால் போடும் சேஃப்டி ஒன்று உண்டு. மேகசினைக் கழற்றினால் ட்ரிகர் ஹேமரை விடுவிக்காது, பிரெஞ்சு ராணுவம் கேட்டது என்று சேர்த்த ஏற்பாடு. இந்த இரண்டாவதை எனக்குப் பிடிக்காது, காரணம் சொல்கிறேன். மேகசின் இல்லாவிட்டால் சுடாது என்று ஒருவனுக்குப் பழகிவிட்டால், அவன் மேகசினைக் கழற்றியதுமே வேலை முடிந்தது என்று நினைப்பான். சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில், ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். அவனே நாளைக்கு இந்த ஏற்பாடு இல்லாத வேறொரு பிஸ்டலை எடுப்பான், மேகசினைக் கழற்றுவான், ட்ரிகரை இழுப்பான்.

பிஸ்டலைக் காலியாக்கும் வரிசை மாறினாலும் இதே கதைதான். முதலில் மேகசின் வெளியே. அப்புறம் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து, சேம்பரில் இருந்தது குதித்து வெளியே விழுவதைப் பார்த்து, ஸ்லைடை அப்படியே நிறுத்தி, சேம்பருக்குள் கண்ணால் பார்த்து, பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்க்க வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்தால், அதாவது ஸ்லைடை முதலில் இழுத்து மேகசினைப் பிறகு கழற்றினால், இழுத்து விட்ட ஸ்லைடு மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைச் சேம்பரில் ஏற்றிவிட்டுத்தான் நிற்கும். மேகசின் கையில் இருக்கும், துப்பாக்கி நிறைந்திருக்கும். ரிவால்வரில் இந்தக் குழப்பமே கிடையாது. திறந்தால் ஆறு அறையும் ஒரே பார்வையில் தெரியும்.

பிஸ்டல்களில் மூன்று குடும்பங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 1911 கோல்ட் வகை ஒன்று. ஹேமரை ஏற்றி, கட்டைவிரல் சேஃப்டியைப் போட்டு, அப்படியே இடுப்பில் வைப்பார்கள். கைப்பிடியின் பின்னால் இன்னொரு சேஃப்டி, உள்ளங்கை அழுத்தினால்தான் ட்ரிகர் நகரும். 1983க்குப் பிறகு வந்தவற்றில் ட்ரிகரை இழுக்காமல் பின் முன்னேறாதபடி உள்ளே ஒரு தடுப்பும் சேர்த்தார்கள். நல்ல துப்பாக்கிதான், ஆனால் தினமும் பயிற்சி எடுக்கிறவன் கைக்கு. வேட்டி மடிப்பில் உரசி அந்தச் சின்ன லீவர் கீழே இறங்கிவிட்டால் அப்புறம் கைப்பிடியைப் பிடித்ததும் ட்ரிகருக்குத் தேவை ஒன்றரை, இரண்டு கிலோ இழுப்புதான்.

இரண்டாவது, 1929இல் வால்தர் பிபி பரவலாக்கிய டபுள் ஆக்ஷன் வகை. ஹேமர் இறங்கியிருக்கும், ட்ரிகரை இழுத்தாலே அது ஏறி விழும். முதல் இழுப்பு நீளம், கனம். அடுத்தடுத்தவை லேசு. ஹேமரை இறக்கத் தனி லீவர் இருக்கும், அதற்கு டீகாக்கர் என்று பெயர். இந்த லீவரை நான் பெரிதாக மதிக்கிறேன். அது இல்லாத பிஸ்டலில், நிறைந்த சேம்பரின் மேல் ஹேமரைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு ட்ரிகரை இழுத்து மெல்ல மெல்ல இறக்க வேண்டும். சித்திரை வெயிலில் நம் ஊரில் உள்ளங்கை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வியர்த்த விரலில் ஹேமர் ஒரு முறை வழுக்கினால் போதும்.

மூன்றாவது க்ளாக் வகை. 1982இல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்டது, நம் என்எஸ்ஜி கமாண்டோக்கள் கையிலும் இருக்கிறது. வெளியே ஹேமரே கிடையாது, கட்டைவிரல் சேஃப்டியும் கிடையாது. ட்ரிகரின் நடுவில் ஒரு சின்ன நாக்கு, அதோடு சேர்த்து அழுத்தினால்தான் ட்ரிகர் நகரும். உள்ளே பின்னைத் தடுக்கும் ஒன்று, விழுந்தால் காக்கும் ஒன்று, ஆக மூன்று. ட்ரிகரை இழுக்க இழுக்க மூன்றும் வரிசையாக விலகும், விட்டால் திரும்ப வந்துவிடும். கீழே போட்டால் வெடிக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், மூன்றுக்கும் சாவி ட்ரிகர்தான். இரண்டரை கிலோ அழுத்தம், அதை விரல் கொடுத்ததா, சட்டை நுனி கொடுத்ததா, வேட்டி முடிச்சு கொடுத்ததா என்று அதற்குத் தெரியாது. ட்ரிகரை முழுக்க மூடும் கெட்டியான உறை இல்லாமல் இந்த வகையை இடுப்பில் வைக்கவே கூடாது.

ஹேமர் இல்லாத வகை எல்லாமே ஒன்று என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2017இல் சிக் சாவர் பி320 பிஸ்டல் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பின்பக்கமாக விழுந்தால் வெடிக்கிறது என்று அமெரிக்காவில் சோதித்தவர்கள் காட்டினார்கள். விழுந்த வேகத்தில் ட்ரிகர் தன் சொந்தக் கனத்தாலேயே பின்னால் நகர்ந்துவிட்டது. கம்பெனி கனம் குறைந்த ட்ரிகரும் உள்பாகங்களும் மாற்றித் தர முன்வந்தது.

மாமா இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்பம் அந்த க்ளாக்கு கிடைக்குமாடே?" என்றார். கிடைக்காது. 9 எம்எம் நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட குழல் அளவு, சாதாரண லைசென்ஸில் வாங்க முடியாது. .32 கிடைக்கும், .22 கிடைக்கும். வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியும் தனியாருக்கு 1980களின் நடுவிலிருந்தே நின்றுவிட்டது. ஆகவே நம் ஆட்களுக்கு நடைமுறையில் அதிகம் கிடைப்பது கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர், முறிந்து திறக்கும் பழைய பிரிட்டிஷ் வெப்லி பாணி, வெறும் எடை சுமார் 700 கிராம். 2014இல் டைட்டானியம் கலந்து அரைக்கிலோ எடையில் நிர்பீக் வந்தது. 2023இல் பிரபல் வந்தது, சிலிண்டர் பக்கவாட்டில் விலகித் திறக்கும். பிஸ்டல் வேண்டுமென்றால் அதே அரசாங்கத் தொழிற்சாலைகளின் அஷானி, .32.

இங்கே ஒரு எச்சரிக்கை. ரிவால்வரின் .32 வேறு, பிஸ்டலின் .32 வேறு. பிஸ்டல் தோட்டா பிரௌனிங் 1899இல் உருவாக்கியது. பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல்கள் உலகமெங்கும் போனது அந்தத் தோட்டாவோடுதான். மணியாச்சி ஸ்டேஷனில் 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியத்து பிரௌனிங்தான். ரிவால்வர் தோட்டா இதைவிட நீளம், அடியில் விளிம்பு நன்றாக வெளியே நீட்டியிருக்கும். குட்டையான பிஸ்டல் தோட்டா ரிவால்வர் அறைக்குள் நுழைந்துவிடும், விளிம்பும் கொஞ்சம் பிடித்து நிற்கும், அதனால் 'பொருந்துதே' என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் அழுத்தம் ரிவால்வர் தோட்டாவைவிட அதிகம். பழைய சிலிண்டருக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

மாமாவுக்கு நான் சொன்ன பதில் ரிவால்வர். வேட்டி கட்டுகிற, பயிற்சிக்குப் போக நேரமில்லாத, அவசரத்தில் கை நடுங்கக்கூடிய அறுபது வயது ஆளுக்கு லீவரும் வரிசையும் நினைவில் வைக்க வேண்டிய பொருள் ஆகாது. டபுள் ஆக்ஷனில் நாலரை, ஐந்து கிலோ இழுப்பு, அதுவும் நீளமான இழுப்பு. அந்த நீளமே ஒரு பாதுகாப்பு. தவறி எதுவோ மாட்டினால் ஹேமர் மேலே எழுவது கைக்குத் தெரியும், உறைக்குள் வைக்கும்போது கட்டைவிரலை ஹேமரின் முதுகில் வைத்துக்கொண்டால் அது நகர ஆரம்பித்த உடனே நிறுத்திவிடலாம். கடையில் காலித் துப்பாக்கியை வாங்கிப் பார்க்கும்போது ட்ரிகரை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஹேமருக்கு முன்னால் எந்தத் தகடு எழுகிறது, எது விலகுகிறது என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள், விற்கிறவரிடம் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

ஆனால் உறை இல்லாமல் எதுவும் கிடையாது, அதில் நான் இறங்கி வரவே மாட்டேன். 2016 ஆயுத விதிகளும் பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென்று செய்த உறையில், முழுவதும் மறைந்திருக்கும்படிதான் வைக்க வேண்டும் என்கின்றன. பெல்ட்டில் சொருகுவது விதிக்கும் ஒத்துவராது, உயிருக்கும் ஒத்துவராது. உறை ட்ரிகர் கார்டை முழுக்க மூட வேண்டும், வாய் மடங்காமல் விறைப்பாக நிற்க வேண்டும். தோல் நைந்து தொளதொளத்துப்போன உறை, உறை இல்லாததைவிட மோசம். உள்ளே விடும்போது அதன் மடிப்பே ட்ரிகருக்குள் விரல் மாதிரி நுழையும்.

எண்ணெயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாமா தேங்காய் எண்ணெய் போட்டு வைத்திருந்தார். நம் வீடுகளில் பூட்டிலிருந்து தலைமுடி வரை அதுதான் என்பது புரிகிறது, ஆனால் தேங்காய் எண்ணெய் காலம் போகப் போகப் பிசினாக இறுகும். ஹேமரைப் பின்வாங்க வைக்கிற ஸ்பிரிங்கும், பின்னைத் தடுக்கிற சின்னச் சின்னப் பாகங்களும் அந்தப் பிசினில் ஒட்டி அப்படியே நின்றுவிடும். எவ்வளவு நல்ல டிசைனும் அதோடு போச்சு. துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெயே நல்லது, இல்லாவிட்டால் தையல் மிஷின் எண்ணெய், அதுவும் இரண்டு சொட்டு. வியர்வை பட்ட இரும்பை ராத்திரியே துடைத்துவிட வேண்டும். தோல் உறைக்குள்ளேயே போட்டு பீரோவில் வைத்தால் உறையில் ஊறிய ஈரம் துரு பிடிக்க வைக்கும். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் பீரோவில் புடவைக்கு அடியில் என்பதெல்லாம் பேச்சே இல்லை. துப்பாக்கிக்கு ஒரு பூட்டு, தோட்டாவுக்கு வேறொரு பூட்டு, இரண்டு சாவியும் மாமா இடுப்பில்.

அன்றைக்கு மாமா ஐந்து தோட்டாவையும் வெளியே எடுத்துத் துணியில் வைத்தார். புள்ளி விழுந்ததைத் தனியாகக் காகிதத்தில் மடித்தார், லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் ஒப்படைக்க. அந்த ரிவால்வர் இனி இடுப்புக்குப் போகாது, அதையும் கடையிலேயே காட்டி முடிவு செய்யலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் அய்யா கை பட்ட பொருள். கைப்பிடியில் கட்டைவிரல் படும் இடம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. அப்புறம் கேட்டார், "இந்தப் புள்ளி எத்தன நாளா இருந்திருக்கும்டே?"

"கடைசியா எப்பம் தோட்டா மாத்துனிய மாமா?"

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "ஒங்க அத்தை இருக்கும்போது மாத்துனது."

அத்தை தவறி வருகிற ஆவணியோடு நான்கு வருடம் ஆகிறது.